டென்னிஸ் கேள்வி பதில்: முதலில் கால், அப்புறம்தான் ராக்கெட்

கோடை சீசன் கூட்டம் இறங்கி, மழை பிடிப்பதற்கு முன் கிடைத்த இடைவெளியில் நீலகிரி மலையிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்க அடி) சரியில்லை என்கிறார், ஒருவர் கிரிப்பைப் பற்றிக் கேட்கிறார், இன்னொருவருக்கு ராக்கெட் மேல் சந்தேகம். வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்கக் கால் பற்றியே பேசிவிடலாம்.

என் மகனுக்குப் பதினாலு வயது. குன்னூரில் ஆடும்போது பந்து பறக்கும். கோயம்புத்தூருக்குப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பந்து நெட்டில் விழுகிறது, முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிறான். ஒருவர் ராக்கெட்டை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்டிரிங்கைத் தளர்த்தச் சொல்கிறார். எதைச் செய்வது?
ஒரு தாய், குன்னூர்

இரண்டும் வேண்டாம் அம்மா, காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் மகன் ஆடிப் பழகிய குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோயம்புத்தூர் 400 மீட்டர் சொச்சம்தான். மேலே காற்று மெலிசு, பந்தைத் தடுத்து நிறுத்துவது குறைவு. போதாததற்கு, வெளியே காற்றழுத்தம் குறையக் குறையப் பந்துக்குள்ளே அடைத்திருக்கும் காற்றின் கை ஓங்கிவிடுகிறது, தரையில் பட்டதும் கூடுதலாக எழும்புகிறது. இது ஏதோ நம் ஊர் நம்பிக்கை இல்லை. 1,219 மீட்டருக்கு, அதாவது 4,000 அடிக்கு மேலே ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தனிப் பந்துவகை வைத்திருக்கிறது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் சாதாரணப் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும் என்பது விதி, உயரமான இடத்துப் பந்துக்கு அதுவே 122 முதல் 135 வரைதான். அந்த வகைப் பந்து கிடைக்காமல் டின்னில் வரும் சாதாரணப் பந்திலேயே நாம் இங்கே ஆடுவதால் எழுச்சி இன்னும் தூக்கலாகத் தெரியும்.

இதனால் பையனுக்கு என்ன பழக்கம் வந்திருக்கும் என்று பாருங்கள். பந்து தானாக நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும், இவன் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கு ஓர் அடி பின்னால் நின்று வாங்கி அடித்துவிடுவான். கீழே சமவெளியில் அதே பந்து முன்னதாகவே விழுந்து முழங்கால் உயரத்தோடு இறங்கிவிடும். இவன் கால் பழைய இடத்திலேயே காத்துக்கொண்டு நிற்கிறது, பந்து அங்கே வருவதில்லை, கடைசி நொடியில் முதுகை வளைத்து மணிக்கட்டால் அள்ளுகிறான், நெட்டில் போய் விழுகிறது. பார்க்கிறவர்களுக்குக் கை தப்பு செய்வதுபோல் தெரிகிறது, அதனால்தான் ராக்கெட், ஸ்டிரிங் என்று யோசனை சொல்கிறார்கள். உண்மையில் முன்னால் எடுத்துவைக்க வேண்டிய இரண்டு மூன்று எட்டு விடுபட்டுப் போனதுதான் காரணம்.

போட்டிக்கு முந்தைய வாரம் பழைய, சுரத்துப் போன பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்காற்று இறங்கிய பந்து குன்னூரிலும் கொஞ்சம் தாழ்வாகத்தான் எழும், கோயம்புத்தூர் பந்துக்கு அது ஓரளவு பக்கத்தில் வரும். அப்புறம் ராக்கெட்டைக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள். நீங்களே நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையால் பந்தை எறியலாம், ஒன்று ஆழமாக, ஒன்று குட்டையாக, மாற்றி மாற்றி. அவன் ஓடிவந்து பந்து ஒரே ஒரு முறை தரையில் பட்டு எழும்பியதும், இடுப்பு உயரத்தில், உடம்புக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். குனிந்து பிடித்தால் கணக்கில்லை, எம்பிப் பிடித்தாலும் கணக்கில்லை. இதற்கு டென்னிஸ் தெரிந்திருக்கத் தேவையில்லை, எந்த அம்மாவும் செய்யலாம். முடிந்தால் போட்டிக்கு முந்தின நாளே இறங்கிப் போய் அங்கே ஒரு மணி நேரமாவது ஆடவிடுங்கள்.

இரண்டு வருடமாக வீடியோ பார்த்துப் பார்த்து ஃபோர்ஹேண்டை (உள்ளங்கைப் பக்க அடி) சரிசெய்துகொண்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் செய்தால் அழகாக வருகிறது, பந்து மாறி மாறி வரும் ரேலியில் வருவதில்லை. கோச் எப்போதும் "காலை அசை, காலை அசை" என்று கத்துகிறார். எந்தக் காலை, எப்போது, எங்கே அசைப்பது என்று யாரும் சொல்வதில்லை.
ஐடி வேலையிலிருப்பவர், ஊட்டி

நியாயமான கோபம். "காலை அசை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது, பாதிப் பேர் நின்ற இடத்திலேயே குதித்துக் களைத்துப்போவார்கள். கண்ணாடி முன்னால் நன்றாக வருகிற ஷாட் கோர்ட்டில் வராததற்குக் காரணம், கண்ணாடி முன்னால் பந்து இல்லை, நீங்கள் எப்போதும் சரியான இடத்திலேயே நிற்கிறீர்கள்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். நடுவில் நின்றால் ஓரக்கோடு 4.11 மீட்டர் தள்ளி. கையையும் ராக்கெட்டையும் நீட்டினாலே ஒன்றரை மீட்டர் எட்டிவிடும். மிச்சம் இரண்டரை மீட்டர் சொச்சம், மூன்று நான்கு எட்டு வைத்தால் முடிந்தது. ஆக, எட்ட முடியாத தூரம் என்று கோர்ட்டில் பெரிதாக எதுவும் இல்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒரு பேஸ்லைனிலிருந்து இன்னொரு பேஸ்லைனுக்கு 23.77 மீட்டர், மணிக்கு 100 கிலோமீட்டரில் புறப்படுகிற பந்து காற்றில் வேகம் குறைந்து, தரையில் பட்டு உங்களிடம் வர ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஊட்டியில் காற்று மெலிசு என்பதால் அந்தக் "கொஞ்சம் மேலே" இன்னும் சுருங்கிவிடுகிறது. அதில் அரை நொடியைக் குதிகாலில் நின்றுகொண்டே செலவு செய்துவிட்டால் அப்புறம் உலகத்திலேயே சிறந்த ஃபோர்ஹேண்ட் இருந்தும் பயனில்லை.

அந்த அரை நொடியை மீட்டுக் கொடுப்பதுதான் ஸ்ப்ளிட் ஸ்டெப். எதிராளி ராக்கெட்டை முன்னால் வீசத் தொடங்கும்போது நீங்கள் தரையிலிருந்து ஒரு சின்ன எம்பு எம்ப வேண்டும், இரண்டு மூன்று விரல்கடை போதும். பந்து அவர் ராக்கெட்டை விட்டுக் கிளம்புகிற தருணத்தில் உங்கள் கால் மறுபடி தரையைத் தொட வேண்டும். தோளைவிடச் சற்று அகலமாக, முன்பாதத்தில், முழங்கால் மடங்கி. இறங்கும்போது கெண்டைக்காலும் தொடையும் ஒரு கணம் இழுபட்டுச் சுருங்கும், அப்படி இழுபட்ட தசை சும்மா நிற்கும் தசையைவிட வேகமாக உங்களைத் தள்ளிவிடும். வலமா இடமா என்று கண் சொன்னதும் கால் ஏற்கெனவே கிளம்பத் தயாராக இருக்கும்.

செய்கிறவர்களிலும் பலர் தவறான நேரத்தில் செய்கிறார்கள். உயரமாகக் குதிக்கிறவர், பந்து புறப்பட்ட பிறகும் அந்தரத்தில் இருக்கிறார். சீக்கிரம் குதிக்கிறவர், பந்து புறப்படுவதற்குள் மறுபடி குதிகாலில் உட்கார்ந்துவிடுகிறார். சர்வ் வாங்கும்போது மட்டும் செய்துவிட்டு ரேலியில் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எதிராளி பந்தைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் வேண்டும், விதிவிலக்கே இல்லை. இதைப் பழகக் கோர்ட் கூட வேண்டாம். மற்றவர்கள் ஆடும்போது வேலிக்கு வெளியே, ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிர்ப் பக்கத்து ஆள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எம்பி இறங்குங்கள். பத்து நிமிடம் செய்தாலே காதுக்கும் காலுக்கும் ஒரு கணக்குப் பிடிபடும். போனில் படம் எடுத்து, எதிராளி ராக்கெட்டில் பந்து படுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள், உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்தது முதல் எட்டு. பந்து வலப்பக்கம் வருகிறது என்றால் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பும், அதோடு இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்பும், தோள் திரும்பினால் ராக்கெட் தானாகப் பின்னால் போய்விடும். ராக்கெட்டை முதலில் பின்னால் இழுத்துவிட்டு அப்புறம் ஓடுகிறவர் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். தொடக்கத்தில் பெரிய எட்டுகள், பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் சின்னச் சின்ன எட்டுகள். இந்தச் சின்ன எட்டுகளைத்தான் உங்களைப்போல் கையில் கவனம் வைப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். கடைசி எட்டைப் பெரிதாக வைத்து நின்றுவிட்டால் பந்து ஒரு சாண் பக்கத்தில் வந்தாலும், ஒரு சாண் தள்ளிப் போனாலும் கையால்தான் சமாளிக்க வேண்டியிருக்கும், அந்தச் சமாளிப்பைத்தான் நீங்கள் இரண்டு வருடமாக ஃபோர்ஹேண்ட் குறை என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். நான்கைந்து குட்டி எட்டு வைத்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டால் அடிக்கும் நேரத்தில் தலை ஆடாமல் நிற்கும். ஓடுவது எல்லாமே அந்த ஒரு கணம் நிலையாக நிற்பதற்காகத்தான்.

அடித்த பிறகு எங்கே திரும்புவது? "நடுவுக்கு வா" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அது பாதிதான் சரி. எதிராளி அடிக்கக்கூடிய கோணங்களின் நடுவுக்கு வர வேண்டும், கோர்ட்டின் நடுவுக்கு அல்ல. வலது மூலையிலிருந்து கிராஸ் கோர்ட், அதாவது குறுக்காக எதிர் மூலைக்கு அடித்தால் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமே நிற்கலாம், திரும்பி வரும் தூரம் குறைவு. அங்கிருந்தே டவுன் தி லைன், அதாவது ஓரக்கோட்டை ஒட்டி நேராக அடித்தால் நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயாக வேண்டும். மூச்சு வாங்கும்போது அனுபவசாலிகள் கிராஸ் கோர்ட்டிலேயே தட்டிக்கொண்டிருப்பது இதனால்தான், காலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

தினமும் காலையில் தொட்டபெட்டா ரோட்டில் ஓடுகிறேன். ஏற்றத்தில் என்னோடு யாரும் வர முடியாது. ஆனால் கோர்ட்டில் என்னைவிடக் குண்டான ஆட்கள் எனக்கு முன்னால் பந்துக்குப் போய்விடுகிறார்கள். ஏன்?
கல்லூரி மாணவர், ஊட்டி

தம்பி, ஏற்றம் ஓடினால் மூச்சு கூடும், தொடை இறுகும், நேராகப் போகிற பலம் வரும். டென்னிஸில் நேராக ஓடுவது குறைச்சல். பக்கவாட்டில் கிளம்ப வேண்டும், ரெண்டு மீட்டரில் நிற்க வேண்டும், உடனே எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். நிற்கிற பலம் தனி, அது ஏற்றத்தில் வராது. சொல்லப்போனால் இறக்கம்தான் அதற்கு உதவும். மலையில் இறங்கும்போது தொடை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது, மறுநாள் வலிப்பதும் அதனால்தான், பந்துக்கு ஓடி நிற்கும்போதும் தசை அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் தார் ரோட்டில் வேகமாக இறங்கி ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மண் பாதையில் நிதானமாக இறங்கினால் போதும்.

வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்தைக் குறைத்து இதைச் செய்யுங்கள். பேஸ்லைன் நடுவில் ராக்கெட்டை வையுங்கள். பேஸ்லைனும் ஓரக்கோடும் சேரும் இரண்டு மூலை, நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையில் குறுக்கே ஓடும் சர்வீஸ் கோடு ஓரக்கோட்டைத் தொடும் இரண்டு இடம், சர்வீஸ் கோட்டின் நடுப்புள்ளி என்று ஐந்து இடத்தில் ஐந்து பந்து. ஒவ்வொன்றாக ஓடி எடுத்துவந்து ராக்கெட் மேல் வைக்க வேண்டும். உலகம் முழுக்க ஜூனியர் ஆட்டக்காரர்களுக்கு வைக்கிற சோதனை இது. நேரத்தைக் குறித்துவையுங்கள். உங்களைவிடக் குண்டான அந்த நண்பரையும் ஓடவிட்டுப் பாருங்கள், ஓட்டத்தில் நீங்கள் முந்தலாம். அப்படியும் ஆட்டத்தில் அவர் முந்துகிறார் என்றால் அவர் எதிராளியின் தோளைப் பார்த்து முன்கூட்டியே கிளம்புகிறார் என்று அர்த்தம். அதையும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஏணி மாதிரி தரையில் விரித்து அதற்குள் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்களே, அந்த லேடர் வாங்கலாமா?
வெலிங்டன் வாசகர்

ஸ்கிப்பிங் கயிறு வாங்குங்கள். விலை குறைவு, கெண்டைக்காலுக்கு நல்லது, முன்பாதத்தில் நிற்கும் பழக்கம் தானாக வரும். லேடரில் கால் வேகமாகத்தான் போகும், ஆனால் கண் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த எட்டு எங்கே என்று முன்பே தெரியும். டென்னிஸில் இரண்டும் நடக்காது. வார்ம்-அப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஃபுட்வொர்க் பயிற்சி அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

வயது 58. ஓய்வு பெற்றபின் நண்பர்களோடு காலையில் டபுள்ஸ் ஆடுகிறோம். இந்த வயதில் ஃபுட்வொர்க் எல்லாம் நமக்கு எதற்கு, நின்ற இடத்திலேயே ஆடிவிட்டுப் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். முழங்காலில் லேசான பிடிப்பும் உண்டு.
அருவங்காடு வாசகர்

ஐயா, நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் நான் சொல்வேன். இந்த வயதில்தான் கால் வேலை ரொம்ப முக்கியம். நின்ற இடத்திலிருந்து எட்டி அடிக்கிறவருக்குத்தான் தோளும் முழங்கையும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகுவதும் கால் ஊன்றியபடி உடம்பு மட்டும் திரும்பும்போதுதான். நாலு சின்ன எட்டு வைத்துப் பந்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் உடம்பில் எதையும் முறுக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் குதிக்க வேண்டாம், எதிராளி அடிக்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்தால் அதுவே போதும்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் செய்யக் கூடாது. தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிய பந்து (லாப்) போகும்போது முகத்தை நெட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் நடக்காதீர்கள். குதிகால் தடுக்கி மல்லாந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வதும், பின்மண்டை அடிபடுவதும் டபுள்ஸில் இப்படித்தான் நடக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் என்றால் முதலில் வலது காலைப் பின்னால் எடுத்துவைத்துப் பக்கவாட்டில் திரும்பி, அப்புறம் ஓடுங்கள். எட்டாது என்று தோன்றினால் பார்ட்னருக்குக் குரல் கொடுத்து விட்டுவிடுங்கள்.

ஷூவைப் பாருங்கள். வாக்கிங் போகிற அதே ஷூவோடு கோர்ட்டில் இறங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஓட்டத்துக்கான ஷூவில் குதிகால் உயரம், அடிப்பாகம் மெத்து, பக்கவாட்டில் பிடிமானமே கிடையாது, பக்கத்தில் பாயும்போது கணுக்கால் அப்படியே மடியும். டென்னிஸ் ஷூ தட்டையாக, ஓரம் கெட்டியாக இருக்கும். ராக்கெட்டுக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செய்யுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராக சர்வ் போடப் போகாதீர்கள். குளிரில் விறைத்த கெண்டைக்கால் சதையும், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணும் முதல் பாய்ச்சலிலேயே கிழியலாம், நாற்பது தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். பத்து நிமிடம் மெதுவோட்டம், பக்கவாட்டு நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல், ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிற அளவுக்கு உடம்பு சூடான பிறகு ஆட்டம். பனி உருகிக் கோர்ட் ஈரமாக இருந்தால் வெயில் வந்து காயும்வரை பொறுங்கள், வெள்ளைக் கோடுகள்தான் முதலில் வழுக்கும். முழங்கால் பிடிப்பு வீக்கமாக மாறினாலோ, படி இறங்கும்போது வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஆட வேண்டும்.

ஃபுட்வொர்க்குக்காக யாருடைய ஆட்டத்தைப் பார்க்கலாம்? ஃபெடரர் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் பறக்கிறார், எங்களால் முடியாது.
கேத்தி வாசகி

சரி, ஸ்டெஃபி கிராஃபைப் பாருங்கள். அவருடைய ஃபோர்ஹேண்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அந்த ஃபோர்ஹேண்டை அடிப்பதற்காக பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தையும் சுற்றிக்கொண்டு ஓடி, எத்தனை எட்டு வைத்து இடம் பிடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். 1988இல் நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் ஒரே ஆண்டில் வென்ற ஆட்டம் அது.

நம் ஊர்க்காரர் வேண்டுமென்றால் ரமேஷ் கிருஷ்ணன். பலமான சர்வ் கிடையாது, அடியில் அசுர வேகம் கிடையாது. 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போது உலகின் முதல் இடத்திலும் நடப்புச் சாம்பியனாகவும் இருந்த மாட்ஸ் வில்லாண்டரை வீழ்த்தினார். பந்தை எழும்பும்போதே எடுக்கிற ஆட்டம் அவருடையது, முன்கூட்டியே இடத்துக்குப் போய்ச் சேராத யாராலும் அப்படி எடுக்க முடியாது. பழைய வீடியோ கிடைத்தால் பந்தைப் பின்தொடராதீர்கள். ஒரு முழு கேமுக்கு ஓர் ஆட்டக்காரரின் காலை மட்டும் பாருங்கள், முக்கியமாக அவர் அடித்து முடித்ததற்கும் எதிராளி அடிப்பதற்கும் இடையில். டிவியில் நேரலையில் இது கஷ்டம், கண் பந்தோடு ஓடிவிடும்.

ஜூன் பிறந்தால் எங்களுக்கு மூன்று மாதம் மழைதான். மைதானமே கிடையாது. கற்றதெல்லாம் மறந்துபோகிறது. வீட்டுக்குள் என்ன செய்யலாம்?
பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்

வராண்டாவில் பன்னிரண்டுக்கு ஆறு அடி இடம் இருக்கிறதா? தாராளம். தங்கையையோ தம்பியையோ எதிரே இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, ஒவ்வொரு கையிலும் ஒரு பந்து. நீங்கள் முன்பாதத்தில் தயாராக நிற்க வேண்டும். எதிரே நிற்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பந்தைக் கீழே விட வேண்டும், அது இரண்டாவது முறை தரையில் படுவதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டும். சுலபமாக வந்துவிட்டால் அரை எட்டுப் பின்னால் போங்கள். பந்தை விடுகிறவர் கையைப் பார்க்காமல் அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் கஷ்டம், அப்போது பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் ஓரக்கண்ணில்தான் தெரியும்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் இது, ஐந்து நிமிடம் ஸ்கிப்பிங். படிக்கிற பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டாம். வெறுங்காலோடு செய்யாதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சாரல் அடித்து நனைந்த டைல்ஸ் தரையில் செய்யவே கூடாது, சிமெண்ட் தரையாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஆள் யாரும் கிடைக்கவில்லையென்றால் சுவரில் எறிந்து, ஸ்ப்ளிட் ஸ்டெப் போட்டு, திரும்பி வருவதைப் பிடிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்காத சுவராகப் பார்த்து.